ஒரே ஒரு நிபந்தனை

பேனா மூடியைக் கழற்றிய யாகப்பன், தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. எதிரே உட்கார்ந்திருந்த மோகனப்பிரியாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏனுங்கய்யா, காசு ஏதாச்சும் எதிர்பார்க்கறீங்களா? எங்ககிட்ட அது மட்டும் கெடையாதுங்க" என்று பட்டென்று போட்டு உடைத்தாள்.

"அய்யய்யோ, காசெல்லாம் வேண்டாமுங்க அம்மணி."

குமாரபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து, கடைகளில் கிடைக்காத தமிழ்ப் புத்தகங்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாக ஏற்றுவாள். யாரும் படிக்கலாம், யாரும் படியெடுக்கலாம் என்று உரிமை உள்ளவர் எழுதிக் கொடுத்தால்தான் ஏற்ற முடியும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் மூன்று ஞாயிறாக ஜேடர்பாளையத்துக்கு பஸ் ஏறுகிறாள். வீட்டில் திட்டு வாங்குவது தனிக் கதை.

யாகப்பன் பெயர் போட்டு ஏழு நாவல்கள் வந்திருக்கின்றன. பதிப்பகத்தை மூடிப் பத்து வருஷமாகிறது. மிச்சமிருக்கும் ஒரே செட் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, அதிலும் இரண்டின் ஓரத்தைக் கரையான் ருசி பார்த்துவிட்டது. இன்றைக்கும் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் மீதியும் கரையானுக்குத்தான்.

வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அணைக்கட்டில் மதகு பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகள் இல்லை. மனைவி அந்தோணிமேரி இறந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்கிற ஒரே பேச்சுக் குரல் டிவியில் வருவதுதான்.

எப்போதாவது கதவைத் தட்டுகிறவர்களும் எழுத்தாளரைப் பார்க்க வருகிறவர்கள்தான். வெறும் யாகப்பனைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதனாலேயே வந்தவர்களை லேசில் விடமாட்டார், பாவம். மோகனப்பிரியா இப்போது குடித்துக்கொண்டிருப்பது மூன்றாவது தம்ளர் காபி.

"பின்ன என்னதானுங்க யோசனை?"

"இல்லீங்க… இன்னொருக்கா சொல்லுங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்களா?"

"ஆமாங்க. போன்ல படிக்கலாம், அச்சடிச்சுக்கலாம், வாசிச்சுப் பதிவு பண்ணியும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். எழுதினவங்க பேரை எடுக்கக் கூடாது. எங்க போட்டாலும் அந்தப் பேரு கூடவே போகோணும்."

"நாளைக்கு அந்தப் பேரை மாத்தோணும்னா?"

"பரவுனதுக்கப்புறம் எப்படிங்க மாத்தறது? நூறு எடத்துல கெடக்குமே! நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பின்னாடியும் அந்தப் பேருதான் நிக்கும்."

யாகப்பனின் முகம் சுருங்கிவிட்டது. யாராவது தன் புத்தகத்தைத் தங்கள் புத்தகம் என்று சொல்லிக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது, என்று நினைத்தாள் மோகனப்பிரியா.

"பயப்படாதீங்கய்யா. உங்க பேரை ஒருத்தரும் திருட முடியாதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேச்சை மாற்றினால் மனசு இளகுமோ என்று, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"உங்க மூணாவது நாவல்ல, அந்த ஸ்டெல்லா பரிசல் வரைக்கும் வந்துட்டு ஏனுங்க ஊட்டுக்கே திரும்பிப் போயிடறா? புருசன் மேல பாசமா, இல்ல பயமா? காலேஜ்ல படிக்கறப்ப அந்தப் பொண்ணுக்காக அன்னைக்கெல்லாம் அழுதேனுங்க."

யாகப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது எனக்கும் வெளங்கலீங்க அம்மணி."

மோகனப்பிரியா சிரித்துவிட்டாள். பெரிய எழுத்தாளர்கள் பிடிகொடுக்காமல்தான் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நெசமாவே அழுதீங்களா?" என்றார் திடீரென்று.

"நெசமாத்தானுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா, இன்னும் எத்தனையோ பேரு அழுவாங்க."

சால்வைகளும் கேடயங்களும் அடுக்கியிருந்த அலமாரியை ஒரு தரம் பார்த்தார்.

"இதைப் போட்டுக் குடுத்துட்டா, அப்புறம் என்னைத் தேடி யாரு வரப் போறாங்க?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மோகனப்பிரியாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கையெழுத்துக்காக மட்டும் வந்து போகிறவளாக அவர் தன்னை நினைத்துவிட்டாரே என்று வருத்தமாக இருந்தது. "நான் வாரேனுங்கய்யா. புஸ்தகம் ஏறுனதுக்கப்புறமும் வாரேன்" என்றாள்.

"அப்பவும் வருவீங்களா?"

"சத்தியமா வாரேனுங்க."

யாகப்பன் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை மூடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டுவிட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அச்சச்சோ, எடம் மாறிப் போச்சுங்களே! நீங்க மேல போடோணும். கீழ இருக்கறது எழுதினவங்க இறந்துட்டா வாரிசு போடற எடமுங்க. இருங்க, வேற பாரம் தாரேன்."

பையைத் திறக்கப் போனவளை வேண்டாமென்று கையமர்த்தினார். கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் இத்தனை நாள் இல்லாத தெளிவோடு வந்தது.

"சரியான எடத்துலதானுங்க போட்டிருக்கேன். எழுதுனதெல்லாம் மேரி."