ஞாயிற்றுக்கிழமை டூட்டி

மாதேஸ்வரியின் கையிலிருந்த பைப்புத் துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள் சுப்ரியா. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சரஸ்வதிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மகள் யார், தன் வயிற்றில் பிறந்தவளாயிற்றே!

சரஸ்வதிக்கும் மாதேஸ்வரியின் அம்மா சென்னம்மாவுக்கும் ஆகாது என்பது அந்தச் சிப்காட் லைன் வீடுகளில் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருமே மற்றவளைத்தான் கை காட்டுவார்கள்.

"எம்பொண்ணு ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரிக்கு ஓட்டப்பந்தய செலக்ஷன் போறா. காலேஜ் டீம்ல சேந்துட்டா ஃபீஸே கெடையாது" என்றாள் சென்னம்மா குழாயடியில், யாரையும் பார்க்காமல்.

"எம்மவளுந்தான் போறா. யாரு மண்ணைக் கவ்வுதான்னு பாப்பம்."

சென்னம்மா சிரித்தாள். "எம்பொண்ணு இல்லாம ஒம்பொண்ணு ஓடிடுவாளா?"

அந்தச் சிரிப்புதான் சரஸ்வதிக்குப் பொறுக்கவில்லை. மாதேஸ்வரி இல்லாமலே சுப்ரியா ஓடிக் காட்டினால் என்ன?

புருஷன் சுடலைமுத்து, கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு சூப்பர்வைசர். சென்னம்மாவுக்கும் மாதேஸ்வரிக்கும் அவனிடம்தான் வேலை. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம அந்த மாதேஸ்வரிக்கு டூட்டி போடுங்க."

"பாவம்டி, ஓடப் போணும்னு லீவு கேட்டிருக்கா."

"வரலன்னா ஆத்தாளும் மவளும் கம்பெனி கேட்டுக்கு வெளியன்னு சொல்லுங்க. இல்லன்னா நீங்க வீட்டுக்கு வெளிய."

சுடலைமுத்து சோற்றைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

வெளியே போயிருந்த சுப்ரியா உள்ளே வந்தாள். "அம்மா, ஞாயித்துக்கெழம ஓட்டம் என்னன்னா…"

"நீ ஓடுத சோலியப் பாரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிறு விடியலில் சுப்ரியா முதல் பஸ்ஸுக்குப் போன பிறகு, கம்பெனி வேன் சென்னம்மா வாசலில் ஹாரன் அடித்தது. மாதேஸ்வரி அழுதுகொண்டே ஏறினாள். சென்னம்மா தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். சரஸ்வதி கேசரிக்கு ரவை வறுத்தாள்.

மத்தியானம் திரும்பிய சுப்ரியா, பையிலிருந்து பைப்புத் துண்டை எடுத்து மூலையில் வீசினாள்.

"என்னட்டி, மொத ஆளா வந்தியா?"

"ஓடவே விடலம்மா. நாலு பேர் ஓடற ரிலே. எங்கையில இந்தப் பைப்பைக் குடுக்க வேண்டியவளுக்கு யாரோ டூட்டி போட்டுட்டாங்க!"