அமிலத்தில் கழுவிய படிகம்

மூன்றாவது முறையும் கோடு மட்டமாகவே போனது.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்காவது ஒரு சின்ன மேடு எழும்பும் என்று பார்த்திருந்தாள்.

எழும்பவில்லை.

கருவிக்குள், ஹீலியத்தின் குளிரில், கடுகளவு படிகம். எதிர் அயக்காந்தம். அதில் ஓர் அணு மேலே பார்த்தால் பக்கத்து அணு கீழே பார்க்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டி, வெளியே காந்தம் என்று எதுவும் மிஞ்சாது. ஆனாலும் அந்த ஒழுங்கு, ஊடே போகும் எலக்ட்ரான்களைத் தற்சுழற்சித் திசைப்படி இரண்டாகப் பிரிக்கிறது என்று அவள் கண்டிருந்தாள். அந்தப் பிரிவுதான் திரையில் மேடாகத் தெரிந்தது.

நான்கு வருட உழைப்பு. கட்டுரை பெரிய இதழில் வந்தது. ஜப்பானில் ஒரு மாநாட்டில் அவள் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக் கைதட்டினார்கள்.

போன வாரம் முகம் தெரியாத ஒருவர் கொரியாவிலிருந்து எழுதிக் கேட்டிருந்தார். படிகத்தை எதைக்கொண்டு வெட்டினீர்கள்?

எஃகு பிளேடால்.

இன்று காலை அதை அமிலத்தில் கழுவினாள். பிளேடு விட்டுப்போன இரும்புத் தூள் கரைந்தது. கூடவே மேடும் போய்விட்டது.

இத்தனை நாளும் அவள் அளந்தது இரும்பை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் கடிதம் அடித்தாள். நாலே வரி. அனுப்பப் போகும்போது இருதயராஜ் உள்ளே வந்தான். ஆய்வகத்தில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். அவளுடைய மேட்டை நம்பி, அது ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டு ஆய்வேடு எழுதியவன். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. அடுத்த மாதம் ஜெர்மனியில் வேலை. மனைவிக்கும் விசா வந்துவிட்டது என்று நேற்றுத்தான் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தான்.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

கோட்டைப் பார்த்தான். கடிதத்தைப் படித்தான். மறுபடியும் கோட்டைப் பார்த்தான்.

"அனுப்பிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல."

கருவியின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அவன் போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் திறக்கச் சொல்லவில்லை.