ஃபாஜிலின் ட்ரோனில் ஒரு கீறல்

திரையின் மேல் மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததும் இளவழகன் கட்டைவிரலால் திரையைத் துடைத்துப் பார்த்தான். கோடு போகவில்லை.

ட்ரோன் அவனுடையது அல்ல. நன்னிலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஃபாஜிலுடையது. நாளைச் சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, கேமராக் கண்ணில் மட்டும் கை வைத்துவிடாதே மச்சான் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

இளவழகன் கை வைக்கவில்லைதான். கருவை மரம் வைத்துவிட்டது.

ஒத்திகைக்காக ஒரு தடவை ஏற்றி இறக்கியபோது, வரப்போரத்துக் கருவை முள் ஒன்று கேமராவை உரசிக்கொண்டு போனதை அவனே பார்த்தான். அடுத்த தடவை ஏற்றியதும் இந்தக் கோடு.

எல்லாம் ஒரு போட்டோவுக்காக வந்த வினை. மேட்டூர் அணை திறந்ததை ஊரெல்லாம் பேசி ஓய்ந்தாயிற்று. கடைமடையில் கிடக்கும் இவன் வயலுக்குத்தான் இன்னும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒரே ஒரு மழையை நம்பிப் புழுதியில் விதைத்த குறுவை விரலளவு முளைத்து, நுனி கருகி நின்றது. இன்னும் ஓரிரு நாள் போனால் ஆட்டை ஓட்டி மேய்க்க வேண்டியதுதான். மதகு திறக்கிற லஸ்கரோ, முறை மாறிவிட்டது, இந்த வாரம் எதிர்பார்க்காதீர்கள் என்று கையை விரித்துவிட்டார்.

காய்ந்த வாய்க்காலை மேலேயிருந்து படம் பிடித்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவோடு சேர்த்து நீட்டிவிடுவது என்று இளவழகன் கிளம்பினான். வயலைக் காப்பாற்ற வந்தவன் சிநேகிதன் பிழைப்பில் கீறல் போட்டுவிட்டான்.

ட்ரோனை இறக்கினான். கேமராக் கண் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் பயம்தான் கூடியது. மனைவி மலர்க்கொடி தன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான்.

மறுபடியும் ஏற்றினான். அதே இடம், அதே உயரம்.

கோடு இப்போது பாதித் திரை வரை வந்திருந்தது.

தூசியோடு சேர்த்துத் தேய்த்துத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தான். இறக்கி, துணியை நன்றாக உதறி, லென்ஸை ஊதி, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல ஒற்றி எடுத்தான். திரும்ப ஏற்றினால் கோடு இன்னும் நீண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வளர்கிற கீறலை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

இளவழகனின் போன் ரிமோட்டில் மாட்டியிருந்ததால் ஃபாஜில் மலர்க்கொடியின் போனுக்குக் கூப்பிட்டான்.

"உங்க மச்சான் நல்லாத்தான் ஓட்டுறாங்கண்ணே, ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டுக் கணவனை முறைத்தாள்.

ஃபாஜில் கோபத்தில் கத்துகிறவனாக இருந்தால் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அவன் கத்த மாட்டான். பரவாயில்லை மச்சான் என்பான். அதை நினைத்தால்தான் இளவழகனுக்குத் தாங்கவில்லை. நாளை மாப்பிள்ளையோடு இந்தக் கோடும் தெருத் தெருவாக ஊர்வலம் போகப் போகிறது.

போதும், நேரே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ட்ரோனைத் தன் பக்கம் திருப்பினான்.

திரையில் வயல் திரும்பியது. கருவை மரம் திரும்பியது. கோடும் கூடவே திரும்பியது.

மலர்க்கொடி அவன் தோளை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணாடியில விழுந்த கீறலு வயலோட சேந்தா திரும்பும்?"

இளவழகன் ட்ரோனை மெல்லத் தாழ்த்தினான். தாழத் தாழக் கோடு தடித்தது. வாய்க்கால் வளைகிற இடத்தில் தானும் வளைந்தது. அதன் நுனியில் சருகும் குப்பையும் நுரையுமாக ஏதோ புரண்டு புரண்டு வந்துகொண்டிருந்தது. பின்னால் வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பளபளத்தது.

லென்ஸுக்கு ஒன்றுமில்லை!

அப்பாடா என்று அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஃபாஜிலின் மாப்பிள்ளை அழைப்பு தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நிம்மதியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மற்றது புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏ மலரு" என்று திரும்பினான். பக்கத்தில் அவளைக் காணவில்லை.

திரையில் இருந்தாள். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலின் மடையைத் திறக்க அந்தக் கோட்டுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தாள்.

இளவழகன் பொத்தானை அழுத்தினான். படம் துல்லியமாக விழுந்தது.

மனுவுக்குத்தான் அது ஆகாது.