இரவல் கரை

ஒரு வாரமாகப் பிரவீன்குமாரின் நெஞ்சுக்குள் ஏதோ சூடாக இருந்தது. அதை அவன் வீரம் என்று நினைத்திருந்தான்.

கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் வந்த மேடைப் பேச்சுகளை இயர்போன் மாட்டி ஓயாமல் கேட்டதில் ஏறிய சூடு அது. "நம் கொடியை மண்ணில் சாய்க்க அவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று எல்லாப் பேச்சிலும் யாராவது முழங்கினார்கள்.

ஆனால் யாரும் சாய்க்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கூட்டுரோடு பஸ் நிறுத்தத்தில், அவனுடைய ஊதாக் கொடியும் எதிர்க்கட்சியின் கிளிப்பச்சைக் கொடியும் பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் ஒரே காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கவே அவனுக்கு அவமானமாக இருந்தது.

சாய்க்காவிட்டால் என்ன? சாய்த்ததாகக் காட்டலாமே.

அந்த யோசனையோடுதான் கொளஞ்சியம்மாளின் இஸ்திரி வண்டி முன்னால் வந்து நின்றான். வண்டியில் இரண்டு கட்சியின் கரைவேட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த ஊரில் அவை சண்டையில்லாமல் கிடக்கும் ஒரே இடம் அது.

"இன்னா பிரவீனு, வேட்டிக்கா வந்த? உன்னுது நாளைக்குத்தான்" என்றாள், பெட்டியிலிருந்த கரியை விசிறிக்கொண்டே.

"அது கெடக்கட்டுங்க்கா. எனக்கு சுபாஷு வேட்டி ஒண்ணு வேணும். ஒரே ஒரு நாளைக்கு."

சுபாஷ் பச்சைக் கட்சிக்காரன். பாலிடெக்னிக்கில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. போன தேர்தலோடு பேச்சு நின்றுபோனது.

"அவன் வேட்டி உனக்கு எதுக்கு? மறுபடியும் ராசி ஆயிட்டீங்களா?"

பிரவீன்குமார் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"அதக் கட்டிக்கினு எங்க கம்பத்த நானே அறுத்துத் தள்ளப் போறேன். செல்போன ஓரமா நிக்க வெச்சு வீடியோ எடுத்துடுவேன். குரூப்ல போட்டா மாவட்டமே பத்திக்கும்."

அவள் பதறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்தாள்.

"மூஞ்சி தெரியுமா?"

"முதுகுதான். கரை தெரிஞ்சா போதும்."

"அப்ப தலையில துண்டு கட்டிக்க. உன் முடிவெட்டு ஊருக்கே தெரியும். ஆக்சா பிளேடு ரெண்டா வாங்கிக்க. அது இரும்புக் கம்பம், ஒண்ணு பத்தாது."

"இதெல்லாம் உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நாலு பேரு வந்து போற எடம். காதுல வுழறதுதான்." சட்டையைத் தேய்த்தபடியே தொடர்ந்தாள். "போன வாட்டி, கல்வராயன் மலையில உங்க ஆள அடிச்சுட்டாங்கன்னு போன்ல வந்துச்சு. ரெண்டு கட்சியும் கல்லு வுட்டு என் வண்டியக் கவுத்தீங்க. கடைசியில பாத்தா அந்த ஆளு பலா மரத்துலேர்ந்து வுழுந்தவன்."

"அது வேறக்கா."

"வேறதான். அது பொய்யின்னு அப்ப உனக்குத் தெரியாது. இது தெரியும்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் இதற்கான பதிலைத்தான் ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தான்.

"இது பொய்யே இல்லக்கா. அவனுங்க எப்படியும் செய்யப் போறதுதான். நான் ஒரு நாள் முன்னாடி செஞ்சு காட்டறேன், அவ்ளோதான். சுபாஷு புத்தி எனக்குத் தெரியாதா?"

கொளஞ்சியம்மாள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றாள்.

துணிக் கட்டிலிருந்து சுபாஷின் பச்சைக் கரை வேட்டியை உருவி அவன் முன்னால் விரித்தாள். "இதோ பாரு, ஓரத்துல பெயிண்டு பட்டிருக்கு. வீடியோல பளிச்சுன்னு தெரியும், யாரு வேட்டின்னு கண்டுபுடிச்சிடுவாங்க. போலீசு நேரா சுபாஷு வூட்டுக்குத்தான் போவும். அவங்கம்மா இங்க வந்து நின்னு அழுவும். பரவால்லியா?"

சுபாஷின் டிபன் பாக்ஸிலிருந்து தினமும் பாதி புளிசாதம் தின்ற ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, "பரவால்ல" என்றான்.

"உன் வேட்டியிலகூட அதே மாதிரி பெயிண்டு பட்டிருக்கு."

"அத வுடுக்கா, இப்ப அதுக்கு இன்னா?"

அவள் வேட்டியை மடித்துச் செய்தித்தாளில் சுற்றினாள். "எப்ப போற?"

"விடியறதுக்கு முன்னாடி."

"இருட்டுல கரை எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில ரிஷிவந்தியம் போற மொத பஸ்ஸு போனப்புறம் போ. வெளிச்சமும் இருக்கும், ஆளுங்களும் கம்மி."

பொட்டலத்தை வாங்கியபோது அவனுக்கு விசித்திரமான ஏமாற்றம் ஒன்று தோன்றியது. அவள் திட்டுவாள், தரமாட்டேன் என்பாள் என்றுதான் வந்திருந்தான். உள்ளுக்குள் எங்கோ, அவள் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தானோ? இப்போது தடுக்க ஆளில்லை. நெஞ்சின் சூடு கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது. தலையை உதறிக்கொண்டு நடந்தான்.

பத்தடி போனதும் நினைவு வந்தது. நாளை சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் கட்சிக் கூட்டம். சொந்தக் கரை இல்லாமல் மேடைப் பக்கம்கூடப் போக முடியாது.

"யக்கா!" திரும்பிக் கத்தினான். "என் வேட்டிய நாளைக்கு எத்தினி மணிக்கு வந்து வாங்கிக்கறது?"

கொளஞ்சியம்மாள் காலரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இங்க எதுக்கு வர, அத சுபாஷ் தம்பி இன்னிக்குக் காலையிலேயே வாங்கிக்கினு போச்சு, அவங்க கம்பத்த அறுக்க ரிஷிவந்தியம் பஸ்ஸு போனப்புறம் கட்டிக்கினு வரும், அங்கியே மாத்திக்குங்க."