முன்வரிசை

1999. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸுக்கு லண்டனிலிருந்து தம்பி கிரிகரி ஒரு வீடியோ கோப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். தன் குழந்தையின் ஞானஸ்நானம்.

விண்டோஸ் கணினியில் அது திக்கித் திக்கி ஓடியது. தேவாலயத்தின் முன்வரிசை காலி. பக்கத்திலிருந்த மெக்கிண்டாஷ் கணினியில் திறந்தான். முன்வரிசையில், போன வருடம் இறந்துபோன அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இங்க வாயேன்."

அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தே ஓய்ந்துபோனவள், அதே அச்சகத்தில் வேலை பார்த்த அக்கா மகதலேனா. வெகுநேரம் திரையைப் பார்த்தாள்.

"சாயாம உக்கார்ந்திருக்காங்க பாரு," என்றாள். "ரெண்டுலயும் ஒண்ணா ஓட்டு லா."

இரண்டிலும் கிரிகரி சிரித்தபடி குழந்தையோடு முன்வரிசைக்கு வந்தான். மெக்கிண்டாஷில் குழந்தையை அம்மா மடியில் வைத்தான். விண்டோஸில் காலி இருக்கை முன் குனிந்து நிமிர்ந்தான். கை வெறுமையாக இருந்தது. இருக்கையும்தான்.