டெமோ வண்டியில் ஒரு பொட்டு

"ஷோரூம்ல ஓட்டிக் காட்டுற டெமோ வண்டி சார். யாருக்கும் வித்ததில்ல. முதல் பூஜையே நீங்கதான் போடப்போறீங்க" என்றான் விற்பனையாளன் நிதர்சன். ரங்கதுரைக்கு விலை குறைந்ததே போதுமாயிருந்தது. எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி வேதவல்லி காருக்குள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்டீயரிங் நடுவிலிருந்த கம்பெனி முத்திரையின் இடுக்கில் குங்குமம்.

"இது யார் வச்ச பொட்டு? என் பிள்ளைய இதுலதான் வீட்டுக்குக் கொண்டுவரணும்."

நிதர்சன் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தான். "தூசி மேடம்."

"தூசி செவப்பாவா இருக்கும்? ஆயுத பூஜைக்கு வச்சதுன்னாவது சொல்லியிருக்கலாமே!"

"சும்மா இரு வல்லி" என்று ரங்கதுரை பேனாவைத் திறந்தான். நிதர்சன் அவசரமாகப் படிவத்தை நீட்டினான். கையெழுத்திடும் இடத்தில் சிவப்பாக ஒரு விரல்ரேகை பதிந்திருந்தது. பேனா அதற்கு மேலேயே நின்றது.