முதலில் விழுகிறவர்

"மாஸ்டர், அந்த மீன்கடை லாயை ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போனா நம்ம மானம் கப்பலேறிடும். இப்பவே சொல்லிட்டேன்."

மாக் கின்வா இப்படி வந்து நின்றபோது ஆவ் மாஸ்டர் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் நாற்பது வயதுப் பெண்மணி. பேச்சு குறைவு.

"லாய் என்ன செஞ்சார்?"

"ஆறு மாசமா தினமும் முதல்ல விழறது யாரு? கேளுங்க."

அது என்னவோ வாஸ்தவம்தான். சீனாவில் ஃபோஷான் நகரத்து அந்தக் குங்ஃபூ பயிற்சிக்கூடத்தில் காலை ஆறு மணிக்கு ஏழு பேர் வரிசையாகக் குதிரை நிலையில் நிற்பார்கள். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி தொடையை மடக்கி நிற்க வேண்டும். கீழே குதிரையும் கிடையாது, முக்காலியும் கிடையாது. ஒருவர் விழுந்தால் போதும், மற்றவர்கள் எழுந்துவிடலாம். விழுந்தவர் எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். அது கூடத்துப் பழக்கம்.

ஊற்றுவது தினமும் மீன்கடை லாய்தான்.

அவர் விழுந்ததும் மாக் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து பிரசங்கத்தை ஆரம்பிப்பார். டைல்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, பிரசங்கத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"குதிரை நிலை எதுக்குத் தெரியுமா லாய்? காலுக்குன்னு நினைச்சியா? மனசுக்குய்யா. மனசு நின்னா கால் நிக்கும்."

"சரிதான் அண்ணே" என்று லாய் கோப்பையை நீட்டுவார்.

இந்த இடத்தை இப்போதெல்லாம் மாக்கே தொண்டையைச் செருமி, விரலை ஆட்டி நடித்துக் காட்டுகிறார். "அப்பேர்ப்பட்ட மடையன் நான்" என்கிறார். அன்றைக்கு அவர் நினைப்பில் அவரே மகாஞானி.

விஷயம் இதுதான். பாக்தாய் சாமி ஊர்வலத்தன்று கூடத்தின் சார்பில் ஆறு பேர் சிவப்புக் கச்சை கட்டிக்கொண்டு கோயில் வாசலில் குதிரை நிலையில் நிற்க வேண்டும். இருப்பதோ ஏழு பேர். மாக் தன் மனைவியிடம் சொல்லியாகிவிட்டது. அவள் தன் மூன்று தங்கைகளிடமும் சொல்லியாகிவிட்டது. மூவரும் பஸ் பிடித்து வருகிறார்கள். அந்த நாலு பேர் முன்னால் 'எனக்கு இடம் கிடைக்கலை' என்று சொல்வதைவிட ஊரைவிட்டு ஓடிப்போவது சுலபம்.

"நாளைக்கு யார் முதல்ல விழறாங்களோ, அவங்க ஊர்வலத்துல இல்லைன்னு வெச்சுக்கலாம். யாருக்கும் மனஸ்தாபம் வராது மாஸ்டர்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மறுநாள் நேரம் பார்க்க ஊதுபத்தி ஏற்றினார்கள். கால் பாகம் எரிவதற்குள் மாக்கின் முட்டி தையல் மிஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. 'மனசு நின்னா கால் நிக்கும்' என்று சொல்லிப் பார்த்தார். மனசு நின்றது. காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

ஓரக்கண்ணால் லாயைப் பார்த்தார். மனுஷன் அசையக் காணோம். வேர்வைகூட இல்லை. போச்சு, மைத்துனிகள் பஸ் ஏறிவிட்டார்கள் என்று மாக் கண்ணை மூடிக்கொண்டார்.

தொப்பென்று சத்தம் கேட்டது. லாய் தரையில் கிடந்தார்.

தேநீர் ஊற்றி முடித்து லாய் கடைக்குக் கிளம்பினார். மாஸ்டர் கொடுத்த ஊர்வலக் கச்சையைக் கட்டிப் பார்த்த மாக்குக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"பாவம் மாஸ்டர். அடுத்த வருஷத்துக்காவது அந்த ஆளைத் தேத்தி விடுங்க."

"அவரையா? தினம் அஞ்சு மணிக்கே தனியா வந்து, ஒரு முழுப் பத்தி எரியற வரைக்கும் நிக்கிறாரு. பத்து வருஷமா. அதுக்கப்புறம்தான் உங்களோட நிக்கிறாரு."

மாக்குக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப என்னை வெச்சு வேடிக்கை பார்த்தானா?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

கச்சையைக்கூட அவிழ்க்காமல் மார்க்கெட்டுக்குப் போனார் மாக். லாய் ஒரு கெண்டையைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா விழுந்த?"

"வழுக்கிருச்சு அண்ணே."

"ஆறு மாசமாவா வழுக்குது?"

லாய் மீனைத் திருப்பிப் போட்டார்.

அப்போதுதான் மாக்குக்கு உறைத்தது. தான் கூடத்தில் சேர்ந்த இந்த ஆறு மாதத்தில், தன் முட்டி ஆடத் தொடங்குவதற்கு முன்னால் லாய் ஒருநாளும் விழுந்ததில்லை. ஆடத் தொடங்கிய பிறகு அதிக நேரம் நின்றதும் இல்லை. வந்த கோபம் வந்த வழியே போய், அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

கச்சையை அவிழ்த்து மீன் பலகைமேல் வைத்தார்.

"நீ நில்லு லாய். இன்னும் பத்து செகண்ட் போயிருந்தா இன்னைக்குத் தரையில கிடந்தது நான்தான்."

"அண்ணியோட தங்கச்சிங்க எல்லாம் வர்றாங்களே?"

"வரட்டும். நீ நிக்கறதைப் பார்த்துட்டுப் போகட்டும்."

லாய் கச்சையைத் தொடவில்லை. "நாளைக்கு கிளாசுக்கு வருவீங்களா அண்ணே?"

"வராம என்ன? ஏன் கேக்கற?"

லாய் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கச்சையை எடுத்தார்.

"ஒருநாள் விழுந்துட்டா மறுநாள் வரமாட்டீங்களோன்னுதான் அண்ணே, இத்தனை நாளா நான் விழுந்துட்டிருந்தேன்."